அந்த ஒரு மணி நேரம்

"ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்த்துக்கொண்டு கதை எழுத நேரமேது?" எழுத ஆசைப்படும் நம்ம ஊர் அம்மாக்களின் கேள்வி இது.

எழுத்தாளர்கள் லக்ஷ்மி பாலகிருஷ்ணன், யெஸ்.பாலபாரதி தம்பதியின் மகனுக்கும் ஆட்டிசம் உண்டு. அம்மா தன் அனுபவத்தை 'எழுதாப் பயணம்' நூலாக்கினார். அப்பா 'துலக்கம்' நாவலில் ஆட்டிசம் உள்ள சிறுவனின் உலகைச் சொன்னார். 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நூலுக்காக 2020-ல் பால சாகித்ய புரஸ்கார் விருதும் பெற்றார். இரண்டு பேர் கையிலும் பேனா!

ராசிபுரத்தில் பஸ் ஏறி சேலத்துக்குத் தெரபிக்குக் கூட்டிப்போவது, சோறு ஊட்டுவது, ராத்திரி கண்விழிப்பது எல்லாமே அம்மா தலையில் விழுந்தால் எழுதத் தெம்பு ஏது?

அப்பாக்களே, தினம் ஒரு மணி நேரம் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தோழிகளே, அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கப் போய்விடாதீர்கள். எழுதுங்கள்!