ஆயுள் தடை ஓராண்டு ஆனது!

"போர்ட்நைட்" ஆட்டத்தில் மோசடி செய்து விரட்டப்பட்டவர்கள் மீண்டும் ஆட வரலாம்! அமெரிக்காவின் எபிக் கேம்ஸ் கம்பெனி 2025-ம் ஆண்டில் விதியைத் தளர்த்தியது.

இணையத்தின் வழியாக 100 பேர் வரை ஒரே களத்தில் மோதும் ஆட்டம் இது. கடைசி வரை சாகாமல் நிற்பவருக்கே வெற்றி.

2019 நவம்பரில் ஜார்விஸ் என்ற 17 வயது ஆங்கிலேய இளைஞர், தானாகவே குறி பார்க்கும் கள்ளக் கருவியை வைத்து ஆடினார். அதைப் படம் பிடித்து ஊருக்கே காட்டினார்! ஆயுள் தடை விழுந்தது. கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டும் கம்பெனி இரங்கவில்லை.

புதிய விதிப்படி, முதல் தடவை பிடிபட்டால் ஓராண்டுத் தடை. மறுமுறை என்றால் ஆயுள் தடைதான். ஓராண்டுக்கு முன்பே விரட்டப்பட்டவர்களுக்கும் கதவு திறந்தது. ஜார்விசும் திரும்பினார்.

இது அளவு மீறிய இரக்கமா? அப்படிச் சொல்ல முடியாது. இந்த ஆட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. விரட்டப்பட்டவன் வேறு பெயரில் நுழையப் பார்ப்பான். இனி வழியே இல்லை என்று ஆனவனுக்குப் பயம் ஏது? காத்திருந்தால் பழைய கணக்கே கிடைக்கும் என்றால் பொறுத்திருப்பான்.

ஆனால், யோக்கியமாக ஆடித் தோற்ற மற்றவர்கள்? அவர்களுக்கு இந்த விதியில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தவர் யார் என்று எதிரே நிற்கும் சிறுவனுக்குத் தெரியப்போவதும் இல்லை.