பழம்புடவையும் ஊசியும்

வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், திருப்பாச்சூரிலிருந்து திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்துக்குப் போய், நோய் கரைய வேண்டி வெல்லம் கரைத்துவிட்டு வருவோம். அதன்பிறகும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருக்கிறது. அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் அம்மா பழம்புடவைகளை மடித்து அடுக்கி, விளிம்பிலிருந்து விளிம்புவரை நூலோட்டிப் போர்வை தைத்தாள். அந்த ஊசிதான் அவளை நொறுங்காமல் காத்தது என்று உறுதியாகச் சொல்வேன். ஊசியின் இந்தத் துணை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை: 2004 சுனாமிக்குப் பின் ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பு நிறுவனம், கடலோர மீனவப் பெண்களுக்கு வெட்டுத்துணியில் ‘சுனாமிகா’ பொம்மை செய்யக் கற்றுத்தந்தது. சின்னஞ்சிறு பொம்மை, விலை கிடையாது, அன்பளிப்பு மட்டும். அலை புகுந்த ஊர்களின் பெண்கள் கூடி உட்கார்ந்து தைத்தார்கள். மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையிருப்போரோ சுவரைப் பார்த்தபடி நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு மூலையில் ஊசி, நூல், துண்டுத்துணி வைக்க வேண்டும்.