நேரில் வந்த செய்தி

தூர தேசத்தில் இருக்கும் மகன் வீட்டை மறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் கடிதம் எழுதுகிறார், பதில் வரவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி அனுப்புகிறார், அதற்கும் பயனில்லை. "நீ எப்படி இருந்தாலும் என் பிள்ளைதான்" என்பதைக் காகிதத்தில் எழுதினால் அவன் நம்பவும் மாட்டான். கடைசியில் கிழவர் தாமே புறப்பட வேண்டியதுதான். அவன் வாசலில் போய் நின்ற பிறகு செய்தியைத் தனியாக வேறு சொல்லவேண்டுமா? வந்து நிற்பதே செய்தி அன்றோ?

ஏசுநாதரைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் கொண்டுள்ள நம்பிக்கையின் உயிர்நிலை இதுவே. கடவுள் முன்னாளில் தீர்க்கதரிசிகள் வாயிலாகப் பேசினார். முடிவில் தம் குமாரனையே அனுப்பினார் என்கிறார்கள். ஏசு செய்தியைக் கொண்டுவந்தவர் மட்டும் அல்லர், அவரே செய்தி. யோவானின் சுவிசேஷம் அவரை 'லோகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லால் குறிக்கிறது. பேச்சு, அறிவு, காரணம் என்று பல பொருள் தரும் சொல் அது. பழைய தமிழ் வேதாகமம் அதை 'வார்த்தை' என்றது. 1995-ல் வெளியான திருவிவிலியம் 'வாக்கு' என்றது. எந்தச் சொல்லாயினும் கருத்து ஒன்றே: கடவுளின் உள்ளத்தில் இருந்தது மனித உருவில் நம்மிடையே வந்து குடியிருந்தது.

கடவுள் அன்புமயமானவர் என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. அன்பையும் சிவத்தையும் வேறு பிரிக்க மறுத்த திருமூலரின் மொழி நம்முடையது. கிறிஸ்தவர்கள் அதோடு சேர்த்துச் சொல்வது, அந்த அன்பை ஒரு மனிதரின் வாழ்க்கையில் கண்ணால் காணலாம் என்பது.

செய்தியே தாமான அந்த மகான் ஒரு நூலும் எழுதி வைக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். கலிலேயாவின் ஊர்களில் நடந்தார். பிறர் அருகே வர அஞ்சிய குஷ்டரோகியைத் தொட்டார். ஜனங்கள் வெறுத்த வரி வசூலிப்போருடன் உட்கார்ந்து உணவருந்தினார். பிடிபடுவதற்கு முன் அன்றிரவு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். காட்டிக் கொடுக்கப்போகும் யூதாஸும் அங்கே இருந்தான். அவன் கால்களும் கழுவப்பட்டன. இச்செயல்களே அவர் எழுதிவைத்த எழுத்து.

அந்த எழுத்தைப் பார்த்துப் பிரதி எடுத்தவர்களும் உண்டு. பெல்ஜியம் நாட்டவரான தமியான் என்னும் பாதிரியார் 1873-ல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோக்காய்க்குப் போனார். குஷ்டரோகிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய் விட்ட இடம் அது. அவர்களுடைய புண்களுக்கு மருந்து கட்டினார், வீடுகள் எழுப்பினார், இறந்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்தார். நோய் அவரையும் பற்றியது. 1889-ல், 49-வது வயதில், அங்கேயே உயிர் நீத்தார். 'கடவுள் உங்களைக் கைவிடவில்லை' என்று எட்ட நின்று பிரசங்கம் செய்வது சுலபம். அவரோ போய்த் தங்கினார்.

இவ்வளவும் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் செய்தியில் ஒரு முள்ளும் உண்டு. லூக்காவின் சுவிசேஷத்தில் ஏசு சொல்லும் கெட்ட குமாரன் கதையைப் பலர் அறிவார்கள். சொத்தைப் பிரித்து வாங்கி அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, பசியோடு திரும்புகிறான் இளையவன். தூரத்தில் வரும்போதே கண்டு, தகப்பனார் ஓடிப் போய் அவனைக் கட்டிக்கொள்கிறார். விருந்து நடக்கிறது. மூத்தவன் மட்டும் உள்ளே வரமாட்டேன் என்று வெளியே நிற்கிறான். இத்தனை வருஷம் உழைத்தவன். ஒரு கட்டளையையும் மீறாதவன். அவன் கோபத்தில் நியாயமே இல்லையென்று யார் சொல்லமுடியும்? தகப்பனார் அவனையும் தேடி வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? கதை அதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

நம்மில் பெரும்பாலோர் மூத்த குமாரர்கள். ஒழுங்காகப் படித்தோம், சம்பாதித்தோம், குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றினோம். நம் வீடுகளிலும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் ஒன்று இருக்கிறது. பணத்தைத் தொலைத்த தம்பியாக இருக்கலாம். தன் விருப்பப்படி மணந்துகொண்ட தங்கையாக இருக்கலாம். கடவுளின் செய்தி அன்பு என்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தடையில்லை. நமக்கு ஆகாதவருக்கும் அதே செய்திதான் என்பதே கசக்கிறது.

அந்தக் கசப்பை விழுங்கியவர்களுக்கே செய்தி வந்து சேர்ந்தது என்று நாம் கருதுகிறோம். அடுத்த பண்டிகைக்கு அந்தத் தம்பிக்கும் தங்கைக்கும் யாரிடமாவது சொல்லி அனுப்புவது போதாது. நாமே போய் அழைப்பதுதான் அழகு.