118 இறாத்தலில் லயனல் ரோஸ்

மெல்பேர்ண்காரர் ஜேசன் மொலோனி 2024 மே மாதம் ரோக்கியோவில் தோற்றதும், பாண்டம் எடைப்பிரிவின் நான்கு உலகப் பட்டங்களும் யப்பானியர் கைக்குப் போயின. நான்கு பட்டம், நான்கு சம்பியன். த பேசினிலிருந்து ஒரு மணிநேர ஓட்டத்தில் இருக்கும் ட்றூயின் பக்கம் பிறந்த லயனல் ரோஸ், 1968 பெப்ரவரி 27 அன்று அதே ரோக்கியோவில் வென்றபோது அந்த எடைக்கு உலகில் ஒரே சம்பியன்தான். அவருக்கு வயது 19.

பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வாக்கெடுப்பு நடந்து அப்போது ஒன்பது மாதம். மெல்பேர்ணில் அவரை வரவேற்க ஒரு லட்சத்துக்கு மேல் திரண்டார்கள். அந்தக் கதையையே எல்லோரும் சொல்கிறார்கள், சண்டையைச் சொல்வதில்லை. அகதிப் பிள்ளையின் புள்ளியையும் இரக்கக் கணக்கில் எழுதும் ஊர் இது. ஆகவே சண்டையை மட்டும் பார்ப்போம்.

வரவில் பெரியது ஹராடா. பிரேசிலின் எடர் ஜோஃப்ரேயைத் தோற்கடித்த ஒரே ஆள், அதுவும் இருமுறை. அவரை ரோஸ் 15 சுற்றில் புள்ளிகளால் வென்றார். பிறகு சகுராய், காஸ்டில்லோ, ரட்கின் என்று மூன்று முறை பட்டத்தைக் காத்தார், எல்லாம் 15 சுற்று.

செலவும் உண்டு. 42 வெற்றிகளில் 12 மட்டுமே நொக்அவுட். குத்தில் கனம் போதாது. 1969 ஓகஸ்ட்டில் ஒலிவாரெஸ் ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினார். பட்டம் பதினெட்டு மாதம்கூட நிற்கவில்லை.

என் மதிப்பில் ஜோஃப்ரே, ஒலிவாரெஸ் வரிசையில் அவர் இல்லை. அதற்கு அடுத்த வரிசையில் தாராளமாக இருக்கிறார், மொலோனிக்கு வெகு மேலே.