இஸ்லாமியக் கல்வி: தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கும் பங்கு வேண்டும்



செம்பனைத் தோட்டங்களுக்கிடையே அமைந்த எங்கள் நெகிரி செம்பிலான் பள்ளியில் தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் சிலரும் பயில்கின்றனர். ஒருநாள் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி இஸ்லாமியக் கல்விப் பாடநூலோடு வந்து, "டீச்சர், சோலாட் என்றால் தொழுகையா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். "அத்தா சொல்லித் தந்ததுதானா இது!" என்று முகம் மலர்ந்தாள்.

வீட்டில் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல். பாடநூலில் சோலாட், புவாசா, மஸ்ஜிட். கணிதத்தைத் தமிழில் கற்கும் அக்குழந்தை, தன் சமயத்தை மட்டும் இன்னும் கைவராத மலாய்மொழியில் கற்கிறது.

சட்டத்தில் குறையில்லை. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 15 இஸ்லாமிய மாணவர் இருந்தால் சமய வகுப்பு நடத்தச் சொன்னது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு அதை 5 ஆகக் குறைத்தது. வாரத்திற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் கற்பிக்க வேண்டும். ஆசிரியருக்கு மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். (பிற சமய வகுப்புகளுக்கு 51ஆம் பிரிவு அனுமதி தருகிறது, நாடாளுமன்ற நிதி தருவதில்லை. அந்த வருத்தத்தைப் பிறிதொரு நாள் எழுதுவேன்.) ஆனால், பாடம் குழந்தையைச் சென்றடைகிறதா என்று பெற்றோரைக் கேட்கும் வழி 50ஆம் பிரிவில் இல்லை.

சமயப் பாடத்தில் பெற்றோர் தலையிடலாமா என்றார் சக ஆசிரியர் ஒருவர். நியாயமான கேள்விதான். கோட்பாட்டை மார்க்க அறிஞர்களே வகுக்கட்டும். நான் கேட்பது மொழியையும் எடுத்துக்காட்டுகளையும் பற்றி மட்டுமே. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பெற்ற மொழிக்கு இஸ்லாமியச் சொற்களுக்கா பஞ்சம்?

2019 ஆகஸ்டில், நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடநூலின் 'காட்' எழுத்துக்கலைப் பக்கங்கள் குறித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பெற்றோரும் மாணவரும் இசைந்தால் மட்டுமே தாய்மொழிப் பள்ளிகளில் அதனைக் கற்பிக்கலாம் என அமைச்சரவை முடிவு செய்தது. ஆகப் பெற்றோரின் குரலுக்கு இடமுண்டு. வேண்டாமென்று சொல்ல அன்று திரண்ட நாம், இவ்வாறு வேண்டுமென்று சொல்ல ஏன் திரள்வதில்லை?

அடுத்த பொதுக்கூட்டத்திற்கு உஸ்தாசாவையும் அழைக்குமாறு தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இதற்கிடையே, முதலாம் ஆண்டு நூலின் சொற்களுக்குத் தாய்மார் இருவர் தமிழ்ப் பட்டியல் தொடங்கிவிட்டனர். நாற்பது சொற்கள் சேர்ந்துள்ளன. அரபு உச்சரிப்பைத் தாமே சரிபார்த்துத் தருவதாக உஸ்தாசா கூறியுள்ளார்.