தொகையில் மறையும் ஆள்

பெங்களூரில் ஒரு வீட்டின் சாக்கடைக் குழாயை மாற்றுவதற்காக எழுதித் தரப்படும் மதிப்பீட்டுச் சீட்டு பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் இருக்கும். பி.வி.சி. குழாய் இத்தனை மீட்டர். சேம்பர் கட்டச் செங்கல், சிமெண்ட், மணல். பள்ளம் தோண்ட, மூட. சாலை வெட்டும் அனுமதிக்கு இவ்வளவு. அதன்பின் ‘கூலி, மொத்தமாக’ என்றொரு வரி. சில சீட்டுகளில் அதற்கும் கீழே இன்னொரு வரி இருக்கும்: ‘பழைய லைனில் உள்ள அடைப்பு நீக்கித் தரப்படும்.’

அந்தக் கடைசி வரியில் வினை இருக்கிறது. வினையைச் செய்பவர் இல்லை. செயப்பாட்டு வினையில் செய்பவர் மூன்றாம் வேற்றுமை ஏற்று ‘இன்னாரால்’ என்று வர வேண்டும். வராமல் போனாலும் தொடர் பிழையாகாது. அதுதான் இதன் வசதி. ‘ஆட்கூலி’ என்று எழுதியிருந்தால் அது வேற்றுமைத் தொகை: ‘கு’ என்ற உருபு மட்டும் மறைந்திருக்கும், ஆள் கண்ணுக்குத் தெரிவார். சீட்டில் ஆளும் மறைந்து கூலி மட்டும் எஞ்சியிருக்கிறது. தமிழில் ‘தொகை’ என்ற ஒரே சொல் பணத்தையும் குறிக்கிறது, மறைந்து நிற்பதையும் குறிக்கிறது. இந்தச் சீட்டில் இரண்டு பொருளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

குழாய் மாற்றும் செலவைப் பற்றி இந்நகரத்தின் வீட்டுக்காரர்கள் பேசும்போதெல்லாம் எழும் புகார் ஒன்றே: செலவு மிக அதிகம். இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. பழைய வீடுகளில் பதிக்கப்பட்டவை பெரும்பாலும் மெருகிட்ட சுட்ட மண் குழாய்கள். ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ இரண்டு அடி. வீட்டிலிருந்து தெருவின் ஆள்நுழைகுழிவரை பன்னிரண்டு மீட்டர் என்றால் இருபது துண்டுகள், அவற்றுக்கிடையே அத்தனை இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பும் சிமெண்ட் பூச்சு. மண் சற்று அமிழ்ந்தாலும் பூச்சு விரிசல் விடும். ஈரத்தைத் தேடி மரவேர் உள்ளே நுழையும். வேரில் கொழுப்பும் துணியும் சிக்கும். ஒரு துண்டு உடைந்தால் சரிவு கெடும். சரிவு கெட்டால் முழு லைனையும் மாற்றியாக வேண்டும். அதில் குழாயின் விலை சிறிது. தோண்டுவது, சாலையை வெட்டுவது, வெட்டியதை மீண்டும் போடுவது ஆகியவற்றில்தான் பணம் கரைகிறது.

ஆனால் இது பாதி உண்மை. மறுபாதியைப் பேசுவோர் குறைவு. அந்தத் தொகை இன்னும் பெருகாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அதில் ஓர் உயிருக்கு நேரும் ஆபத்தின் விலை சேர்க்கப்படவில்லை என்பதே.

இந்த மறைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1898இல் பிளேக் பரவியபோது மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகிய புதிய குடியிருப்புகள் உருவாயின. காற்றோட்டமான அகன்ற தெருக்கள். வீடுகளின் பின்புறம் ‘கன்சர்வன்சி’ சந்துகள். மலம் எடுப்பவர்கள் முன்தெருவில் நடக்காமல் வந்து போவதற்கான வழி அது. நகரத்தைத் திட்டமிட்டவர்கள் சுகாதாரத்தையும் தீண்டாமையையும் ஒரே வரைபடத்தில் வரைந்தார்கள். பின்னர்ப் பாதாளச் சாக்கடை வந்தது. 1964இல் பெங்களூரு நீர் வழங்கல், கழிவுநீர் வாரியம் அமைந்தது. சந்தின் வேலை முடிந்தது. சந்தில் நடந்தவரின் வேலை முடியவில்லை. அது தரைக்குக் கீழே போனது.

2007இல் சுற்றியிருந்த நகராட்சிகளோடு 110 கிராமங்களும் மாநகராட்சிக்குள் இணைக்கப்பட்டன. வீடுகள் முன்னே ஓடின. சாக்கடை பின்னே வந்தது. லைன் வரும்வரை வீட்டடியில் குழி, குழி நிறைந்தால் லாரி, லாரி வராவிட்டால் மழைநீர்க் கால்வாய், கால்வாயின் முடிவில் ஏரி. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதையும் நெருப்புப் பிடித்ததையும் உலகமே வேடிக்கை பார்த்தது. ஏரி எரிந்தபோது நகரம் நாணியது. குழிக்குள் ஆள் இறந்தபோது அந்த அளவுக்கு நாணவில்லை.

2017 மார்ச் மாதம் சி.வி. ராமன் நகர்ப் பகுதியில் ஓர் ஆள்நுழைகுழியில் மூன்று பேர் மூச்சுத்திணறி இறந்தனர். இத்தகைய மரணங்களில் ஒரே நேரத்தில் இருவர், மூவர் என்று இறப்பது ஏன் என்பதற்கு வேதியியல் விடை தருகிறது. தேங்கிய கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது. குறைந்த அளவில் அது அழுகிய முட்டை போல நாறும். செறிவு ஏறினால் நுகரும் நரம்பு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றும் கணமே சாவு நெருங்கிவிட்ட கணம். முதலில் இறங்கியவர் சுருண்டு விழுவார். மேலே நிற்பவர் அவரைத் தூக்க இறங்குவார். அவரும் விழுவார். பலரைக் கொல்வது இந்த மனிதநேயம்தான். அதற்குரிய வரியும் எந்தச் சீட்டிலும் இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. கோலார் தங்கவயலில் பிறந்த பெஜவாடா வில்சனும் அவரோடு நின்ற துப்புரவுப் பணியாளர் இயக்கமும் 2003இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன் 7ஆம் பிரிவு, சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக்கூடாது என்கிறது. இந்தத் தடை உள்ளாட்சி அமைப்போடும் முகமையோடும் நிற்கவில்லை. எந்தத் தனிநபரும் அமர்த்தக்கூடாது என்கிறது. வீட்டுக்காரரும் தனிநபர்தான். மீறினால் முதல் முறை இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, அவசர நிலையிலும்கூடப் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது குற்றம் என்றது. 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. 2025 ஜனவரியில், பெங்களூரு உட்பட ஆறு பெருநகரங்களில் ஆள் இறங்கும் வேலையையே நிறுத்தும்படி அதே நீதிமன்றம் கட்டளையிட்டது.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். 2014 முதல் 2025 ஏப்ரல் வரை இந்நகரத்தில் மாதம் 8,000 லிட்டர்வரை பயன்படுத்தும் வீடு செலுத்திய கழிவுநீர்க் கட்டணம் மாதத்துக்கு 14 ரூபாய். ஆண்டுக்கு 168. ஒரு மரணத்துக்கு நீதிமன்றம் விதித்த 30 லட்சத்தை இதனால் வகுத்தால், ஏறத்தாழ 17,857 வீடுகளின் ஓராண்டுக் கட்டணம் வருகிறது. ஒரு தேநீரின் விலைக்கு ஒரு மாதக் கழிவை அப்புறப்படுத்தித் தருவதாக நகரம் பதினோர் ஆண்டுகள் நடித்தது. ஏழை வீட்டுக்குக் குறைந்த கட்டணம் நியாயமே. அந்த இடைவெளியை அரசின் கருவூலம் வெளிப்படையாக நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பாமல் விட்ட இடத்தை ஒப்பந்ததாரர் நிரப்புகிறார், ஆளைக் கொண்டு.

இங்கேதான் வீட்டுக்காரரின் புகாரும் குழியில் இறங்குபவரின் உயிரும் ஒன்றையொன்று தொடுகின்றன. வீட்டுச் சுவரிலிருந்து தெருவின் ஆள்நுழைகுழிவரை போகும் லைன் பொதுச் சாலைக்கு அடியில் கிடக்கிறது. அதன் செலவோ தனிமனிதரின் தலையில் விழுகிறது. மேலேயுள்ள சாலை மாநகராட்சிக்கு உரியது. 2025 செப்டம்பருக்குப் பின் ஐந்து மாநகராட்சிகளில் ஏதோ ஒன்றுக்கு. கீழேயுள்ள பெரிய குழாய் வாரியத்துக்கு உரியது. நடுவிலிருக்கும் சில மீட்டருக்கு மட்டும் பொறுப்பாளர் ஒரு ஓய்வூதியக்காரராகவோ ஒரு சிறு கடைக்காரராகவோ இருக்கிறார். அவர் மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்பார், குறைந்ததைத் தேர்வார். யாருக்கும் இயல்பான செயல் அது. குறைந்த மதிப்பீடு எப்படிக் குறைந்தது என்று அவர் கேட்பதில்லை. இயந்திர வாடகை எடுக்கப்பட்டிருக்கும். பள்ளத்தின் பக்கச் சுவர் சரியாமலிருக்க முட்டுக்கொடுக்கும் செலவு எடுக்கப்பட்டிருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் தோண்டினால் முட்டு வேண்டும் என்பது கட்டுமான நெறி. ஈரமண்ணில் அது இல்லாமல் நிற்பவர் தன் புதைகுழிக்குள் நிற்கிறார்.

வழக்கமான மறுப்புகள் மூன்று. முதலாவது: ‘அவராகத்தானே விரும்பி வருகிறார்.’ இந்த விருப்பம் ஏன் தலைமுறை தலைமுறையாக ஒருசில சாதிகளில் பிறந்தவர்களுக்கே தோன்றுகிறது என்பதற்கு இந்த மறுப்பிடம் பதில் இல்லை. பட்டினிக்கும் குழிக்கும் இடையே குழியைத் தேர்வதற்கு விருப்பம் என்று பெயரிடுவது மொழிக்குச் செய்யும் அநீதி.

இரண்டாவது: ‘குறுகிய சந்தில் இயந்திரம் நுழையாது.’ ஹைதராபாத் குடிநீர் வாரியம் 2017இல் சந்துக்குள் போகக்கூடிய 70 சிறு ஜெட்டிங் வண்டிகளைத் தலித் தொழில்முனைவோர் வழியாக இயக்கத் தொடங்கியது. கேரளத்தில் உருவான ‘பாண்டிகூட்’ என்னும் இயந்திரன் 2018இல் திருவனந்தபுரத்தில் ஆள்நுழைகுழிக்குள் இறங்கியது. வானளாவிய கண்ணாடிக் கட்டடங்களில் மென்பொருள் எழுதி உலகத்துக்கு விற்கும் நகரம், சந்துக்கு ஏற்ற வண்டி இல்லை என்று சொல்வது வேடிக்கை.

மூன்றாவது: ‘இவ்வளவையும் சேர்த்தால் ஏழை வீட்டுக்காரர் எங்கே போவார்?’ மூன்றில் நேர்மையான கேள்வி இது ஒன்றே. அதற்கான விடை, ஓர் ஏழையின் செலவைக் குறைக்க இன்னோர் ஏழையின் நுரையீரலைப் பயன்படுத்துவதாக இருக்க முடியாது. பொதுச் சாலைக்கு அடியிலுள்ள செலவு பொதுச் செலவாக வேண்டும் என்பதே விடை.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. வீட்டு எல்லையில் ஒரு சோதனைத் தொட்டி கட்டுவது கட்டாயமாகட்டும். அதற்கு அப்பாலுள்ள லைனைப் பராமரிப்பதும் மாற்றுவதும் வாரியத்தின் பொறுப்பாகட்டும். தோண்டுவதற்கு முன் குழாய்க்குள் கேமரா செலுத்திப் பழுது எங்கே என்று பார்க்கட்டும்; ஓரிடத்து உடைசலுக்கு முழுத் தெருவையும் பிளக்கும் வீண்செலவு அதிலேயே குறையும். இயந்திரத் தூர்வாரலுக்கும் பள்ள முட்டுக்கும் வாரியமே விலைப்பட்டியல் வெளியிடட்டும். அவ்விரண்டும் இல்லாத மதிப்பீட்டுக்குச் சாலை வெட்டும் அனுமதி மறுக்கப்படட்டும். மழைநீரைச் சாக்கடையில் இணைத்து ஒவ்வொரு பருவமழையிலும் தெருவைக் கழிவில் மிதக்கவிடும் வீடுகளுக்கு, எத்தனை மாடியாயினும், தண்டத்தொகை வரட்டும்.

இவை நடக்கும்வரை வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்து, ‘அடைப்பு நீக்கித் தரப்படும்’ என்ற வரிக்கு முன்னால் விடுபட்ட சொல்லை எழுதித் தரும்படி கேட்கலாம்: எதனால், யாரால்? ‘இயந்திரத்தால்’ என்று எழுதி ஒப்பந்ததாரர் கையொப்பமிட்டால் வேலை தொடங்கட்டும். அந்த இடத்தில் ஓர் ஆளின் பெயர் வருமானால், அது கூலிச் சீட்டாக இராது. நடக்கவிருக்கும் குற்றத்துக்கு முன்கூட்டியே எழுதப்பட்ட வாக்குமூலமாக இருக்கும்.