தனக்கு வந்தால்தான் தெரியுமா?

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது நம் மக்களிடையே வழங்கும் பழமொழி. இதில் இணைத்துக் கூறப்பட்ட இரண்டனுள் காய்ச்சலுக்குச் சான்று உண்டு. தொட்டவர் கை அதனை உணரும்; வெப்பமானி அளந்து காட்டும். தலைவலிக்கோ நோயுற்றவரின் சொல்லே சான்று. அச்சொல்லை நாம் எளிதில் நம்புவதில்லை. மாணவரின் விடுப்பு விண்ணப்பத்தில் 'தலைவலி' என்று கண்டதும் ஆசிரியர்க்கு முறுவல் தோன்றுகிறது. அடுப்படியில் நிற்கும் தாய் தலை வலிக்கிறது என்றால், 'ஒரு மாத்திரை போட்டுக்கொள்' என்பதோடு வீட்டாரின் கடமை முடிந்துவிடுகிறது. தொல்லை தரும் எதனையும் 'பெரிய தலைவலி' என்று பேசிப் பேசி, அச்சொல்லுக்குரிய வலியையே தேய்த்துவிட்டோம். தலைவலியை நோயென மதித்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

முன்னோர் அவ்வாறே மதித்தனர் என்பதற்கு மொழி சான்று பகர்கிறது. தமிழில் 'ஒற்றைத் தலைவலி' என்கிறோம். ஆயுர்வேத நூல்கள் கூறும் 'அர்த்தாவபேதகம்' பாதியைக் குறிக்கும் சொல்லை முதலாகக் கொண்டது. அரபு மொழியின் 'ஷகீகா' பக்கம், பாதி எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. 'மைக்ரேன்' என்பதும் 'அரை மண்டை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் திரிபே. பதினோராம் நூற்றாண்டில் இப்னு சீனா தம் 'அல் கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் தலைவலியைத் தனியே ஆராய்ந்துள்ளார். நோயாளி கைவைத்துக் காட்டிய இடத்தையே நோய்க்குப் பெயராக்கினர் முன்னோர். அவர்கள் கேட்டனர், நாம் கேட்பதில்லை.

இன்றைய மருத்துவம் கூறுவது யாது? மூளைத் திசுவுக்கு வலியை உணரும் ஆற்றல் இல்லை. அதைப் போர்த்தியுள்ள உறைகளும், குருதிக் குழாய்களும், தலை, கழுத்துத் தசைகளும், முகத்தின் உணர்வு நரம்புகளுமே வலியை உணர்கின்றன. தலைவலிகளுள் தாமே நோயாக அமைவன ஒருவகை. பிற நோயின் அறிகுறியாக வருவன மற்றொருவகை.

முதல் வகையுள் மிகுதியாகக் காணப்படுவது இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போன்று இருக்கும். மன அழுத்தம், உறக்கமின்மை, நெடுநேரம் குனிந்திருத்தல் ஆகியன இதனைத் தூண்டும். ஒற்றைத் தலைவலி இதனினும் கொடியது. பெரும்பாலும் ஒருபுறமாகத் தெறிக்கும், குமட்டல் வரும், ஒளியும் ஓசையும் பொறுக்கவியலா. மருந்தின்றி விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். ஆடவரைவிடப் பெண்டிரை ஏறத்தாழ மூன்று மடங்கு தாக்குகிறது. இருட்டறையில் ஒரு பெண் படுத்திருப்பது சோம்பலால் அன்று என்பதை இல்லத்தார் உணர்தல் வேண்டும்.

மருத்துவத்தில் இருவேறு பணிகள் உண்டு. வந்த வலியைத் தணிப்பது ஒன்று. வாராமல் காப்பது மற்றொன்று. பாராசிட்டமால் போன்றவை தணிப்பவை. 1990களின் தொடக்கத்தில் 'டிரிப்டான்' வகை மருந்துகள் ஒற்றைத் தலைவலிக்கெனவே வந்தன. அடிக்கடி வலி வருவோர்க்கு நாள்தோறும் உண்ணும் தடுப்பு மருந்துகளும் உள்ளன. இவற்றை மருத்துவரே தெரிந்து தருதல் வேண்டும். நம் இல்லங்களில் சுக்கு உரைத்துப் பற்றிடுவதும் தைலம் தடவுவதும் உண்டு. அவை தரும் இதத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மீண்டும் மீண்டும் வரும் வலிக்கு அவையே போதும் என்றிருத்தல் தகாது.

இங்கு அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வலி போக்கும் மாத்திரையே வலியை வளர்க்கும். சாதாரண வலிநீக்கி மாத்திரைகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, டிரிப்டான் மற்றும் கலவை மாத்திரைகளை 10 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உண்டால், அம்மருந்தாலேயே தலைவலி நிலைபெறும். மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி உண்ணும் தாய்மார் பலர் இவ்வலையில் சிக்குகின்றனர். அவர்தம் சொல்லைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் இந்நிலை நேராது.

நோன்பின் தொடக்க நாள்களில் வரும் தலைவலி நம்மவர் பலர்க்கும் பழக்கமானது. நீர் குறைதலும், உறக்கம் குலைதலும், தேநீர், காப்பிப் பழக்கம் திடீரென நிற்பதும் இதற்குக் காரணங்கள். ஷஃபான் மாதத்திலேயே தேநீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சஹரில் போதிய நீர் அருந்தினால் பெரிதும் தவிர்க்கலாம். நோயுற்றோர் பிறிதொரு நாளில் நோன்பு நோற்க மார்க்கம் இடமளித்திருப்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

சில அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. இடி விழுந்தாற்போல் திடீரென வரும் கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், கைகால் தளர்தல், நாக் குழறல், வலிப்பு, தலையில் அடிபட்டபின் வரும் வலி ஆகியன உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லத் தக்கவை. 50 வயதுக்குமேல் முதன்முதலாக வரும் தலைவலியையும், நாளுக்கு நாள் மிகும் வலியையும் மருத்துவரிடம் காட்டாதிருத்தல் கூடாது.

மாணவர்காள்! வலி வந்த நாள், நேரம், உண்ட உணவு, உறங்கிய அளவு, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மருத்துவர்க்கு அதனினும் சிறந்த துணை இல்லை. ஆசிரியப் பெருமக்களே! பொய் சொல்லி விடுப்புப் பெறுவோர் சிலர் இருக்கலாம். அவர்பொருட்டு மெய்யாகவே வருந்துவோரை ஐயுறுதல் அறமாகாது. பெரியோர்களே! இல்லத்துப் பெண்டிர் வலி என்று சொன்னால் மாத்திரையை நீட்டுமுன் செவியை நீட்டுங்கள். தனக்கு வந்தபின் அறிவது எவர்க்கும் இயலும்; பிறர் சொல்லக் கேட்டு அறிவதே கற்றவர்க்கு அழகு.